இருநூற்றுப் பன்னிரண்டாம் தூண்

காசிமேட்டுக் குப்பத்தில் யாரும் கதவு எண் சொல்வதில்லை. தலைக்கு மேல் ஓடும் கடலோர விரைவுச்சாலையின் தூண் எண்தான் எல்லோருக்கும் விலாசம். புருஷன் தேசப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது எட்டியம்மாவும் போனில் அதையே சொன்னாள்.

"இருநூத்திப் பன்னெண்டாம் தூணாண்ட. சீக்கிரம் வாங்க!"

டிரைவர் இல்லாத ஆம்புலன்ஸ் நாலே நிமிஷத்தில் வந்துவிட்டது. நாற்பதடி உயரத்தில், சாலைமேல் நின்று அலறியது. அங்கிருந்து இறங்க வழி பல மைல் தள்ளி எண்ணூரில்தான்.

"கீழ இருக்கோம், கீழ!" என்று கத்தினாள்.

"தூணுக்கு வந்துவிட்டேன். நோயாளியை அழைத்து வரவும்," என்றது ஆம்புலன்ஸ், பணிவாக.

தேசப்பனின் தலை அவள் மடியில் கனத்தது. ஐந்து நிமிஷம் கழித்து அவள் போனில் செய்தி வந்தது: "நோயாளி வரவில்லை."

மேலே ஆம்புலன்ஸ் சீறிக் கிளம்பியது. சாலை போட்டபோது தேசப்பன் கூலிக்குக் கம்பி கட்டிய தூண் துளிகூட அதிரவில்லை.