ஸ்டியரிங்கில் ஒட்டிய சீட்டு

என்சியோ ஒருவழியாகத் தன் மோட்டார் படகைக் கரையேற்றிவிட்டான்.

சைமா ஏரியின் இந்தக் கரையில் மற்றவர்கள் மூன்று வாரத்துக்கு முன்பே முடித்துவிட்ட வேலை. இன்று இரவு மைனஸ் ஒன்பது என்று காலையிலிருந்து வானொலி சொல்லிக்கொண்டே இருக்கிறது. உள்ளே தண்ணீர் தங்கினால் விடிவதற்குள் உறைந்து மோட்டாரையே பிளந்துவிடும்.

பக்கத்து வீட்டு ஹெல்வி சமையலறை ஜன்னலில் பைனாகுலரோடு நின்றாள். பறவை பார்ப்பதற்கென்று வாங்கியது. பறவைகள் தெற்கே போய் ஒரு மாதமாகிறது.

அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். செப்டம்பரில் ஆறு நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தானே, டாக்டர் என்ன சொன்னார்?

தபால் கொண்டுவருகிறவளிடம் "ஒண்ணுமில்ல" என்றான். கடைக்காரியிடமும் அதே "ஒண்ணுமில்ல". ஹெல்வியே ஏலக்காய் பன் சுட்டு எடுத்துக்கொண்டு நேரில் போனாள். பன் உள்ளே போயிற்று, பதில் வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து அவன் வலை போடவில்லை. விறகு பிளக்கவில்லை. படகு தண்ணீரிலேயே கிடந்தது. கரையில் ஆளுக்கொரு நோயை அவனுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹெல்வி மட்டும் மூன்று கொடுத்தாள்.

இப்போது அவன் மோட்டாரை நிமிர்த்தி நிறுத்தினான். ஏரித் தண்ணீர் சொளசொளவென்று வழிந்தது.

மோட்டாரின் அடித் திருகாணியைக் கழற்றினான். எண்ணெய் கறுப்பாக இறங்கியது. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். வெளுக்கவில்லை. ஹெல்வி விட்ட மூச்சில் ஜன்னல் கண்ணாடி மங்கியது. முந்தானை போல் தொங்கிய ஏப்ரனால் துடைத்தாள்.

பாட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தான். பனி உருகினால் நீர் வெளியேற வழி வேண்டும் என்று படகின் பின்னடி ஓட்டையை அடைத்திருந்த தக்கையைப் பிடுங்கினான்.

எல்லாம் சரியாகத்தான் செய்தான். அவளுக்குப் பயமே அதில்தான். எல்லாவற்றையும் சரியாகச் செய்து வைக்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

பிறகு அவன் பேனாவை எடுத்து, படகின் மேல் சாய்ந்து ஏதோ எழுதி, ஸ்டியரிங்கில் ஒட்டினான். அது இந்தக் கரையில் எல்லோரும் செய்வதுதான். தக்கை இல்லாத படகை மே மாதம் மறந்துபோய் ஏரியில் இறக்கிவிடக் கூடாதல்லவா.

பைனாகுலரில் எழுத்து தெரியவில்லை.

ஹெல்வி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

"ஏம்ப்பா, படகு மூடுற அவ்வளவு பெரிய தார்ப்பாயை ஒத்தை ஆளா எப்படி இழுப்ப? ஊரே சிரிக்கும்."

"ஊருன்னா நீங்கதானக்கா. ஜன்னல்ல நின்னு சிரிச்சது போதும், அந்த முனையைப் புடிங்க."

கயிறு தேடி அவன் அந்தப் பக்கம் குனிந்தான். ஹெல்வி சட்டென்று படகுக்குள் கழுத்தை நீட்டினாள்.

'தக்கையைப் போடுடா முட்டாள். அடுத்த மேயிலும் முழுகித் தொலையாதே.'

போன மே மாதம் தக்கை போடாமல் இறக்கிவிட்டு, பத்து மீட்டர் போவதற்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவன் அவன். தொப்பி மட்டும் தனியாக மிதந்து போயிற்று. ஹெல்வி அதை இதுவரை நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பாள்.

அவள் சீட்டை இரண்டு முறை படித்தாள். கோழி கிளறிய எழுத்து. அவன் அவனுக்கே எழுதியது. வேறு யாருக்கும் இல்லை.

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவர் வைனோவும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து "ஒண்ணுமில்ல" என்றுதான் சொன்னார். அந்த அக்டோபரில் படகை அவ்வளவு அழகாகக் கட்டி வைத்தார். அவர் ஒட்டிய சீட்டில் திட்டே இல்லை. 'ஹெல்வி, முதலில் தக்கை. பிறகு பாட்டரி. அவசரப்படாதே.' குண்டு குண்டாக எழுதியிருந்தார்.

அவள் அதைப் படித்தது மே மாதம்தான், அவர் இல்லாத மே மாதம்.

"என்னக்கா, அதுக்குள்ள உறைஞ்சிட்டீங்களா?" என்றான் என்சியோ தார்ப்பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"இழுத்துக் கட்டுடா, முட்டாப் பயலே!" என்றாள் ஹெல்வி. அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.