ஆற்றின் சொத்து

ஆறுகளுக்கும் மனிதர்களைப் போலச் சட்ட உரிமை உண்டு என்று அறிவித்தபோது ஊரே கைதட்டியது, செங்கமலமும்தான் தட்டினாள். பிறகு ஆறு பாயும் இடமெல்லாம் ஆற்றுக்கே சொந்தம் என்று சட்டத்தை நீட்டினார்கள். மழையோ பேய்மழையாகவே பெய்யப் பழகிவிட்டிருந்தது. கொள்ளிடம் வருஷத்துக்கொரு பக்கம் கரையை அறுத்துக்கொண்டு திரும்பியது. இந்த வருஷம் அவள் கொல்லையில் புகுந்து வாசல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

முழங்கால் தண்ணீரில் நின்று, அவள் வீட்டுக்கு அடியில் வைத்த ஜாக்கிகளைத் திருகி வீட்டை உயர்த்திக்கொண்டிருந்தாள். ஆற்றின் சட்டப்படியான காப்பாளர் தயாபரன் படியேறி, நனையாத தாழ்வாரமாகப் பார்த்து நின்று, தொண்டையைக் கனைத்தார்.

"மாண்புமிகு கொள்ளிடத்தின் சார்பில் சொல்கிறேன். நீங்கள் ஆக்கிரமிப்பாளர். இன்றே காலி செய்ய வேண்டும்."

"அதுவா சொல்லுச்சு?"

"அது எப்படிம்மா பேசும்? அதுக்காகப் பேசத்தான் நான் இருக்கேன்."

"ராவும் பகலும் என் வீட்டுலதான் கெடக்குது. போன்னு ஒரு வார்த்தை சொல்லல. அது சொல்லட்டும், போறேன். நீங்க சொல்லிப் போறதா இல்ல."

தயாபரன் விறைப்பாகத் திரும்பினார். பிறர் வீட்டுக்குள் செருப்புக் காலோடு நுழையாத நல்ல வளர்ப்பு. படியில் கழற்றி வைத்த ஷூ இரண்டும் மிதந்து போய்க்கொண்டிருந்தன.

"அம்மா, அதைக் கொஞ்சம் பிடிங்க."

கை நீட்டினால் எட்டும் தூரம்தான். செங்கமலம் நீட்டவில்லை.

"ஆத்துல இருக்கறது ஆத்தோட சொத்து சார். நான் தொட்டா ஆக்கிரமிப்பு ஆயிடும்" என்றபடி ஜாக்கியை இன்னொரு சுற்றுத் திருகினாள்.