ஜமீன்தாருக்கு வந்த கிராக்கி

“ரெண்டு வருசமா பட்டணத்துக் காலேஜுல இன்னாடா கத்துக்கினே? ஒண்ணே ஒண்ணு சொல்லு, கேட்டுக்கறேன்.”

மாட்டுத் தரகர் ரங்கசாமி வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடியே கேட்டார். திருவள்ளூர் மாட்டுச் சந்தையில் புழுதியும் பேரமும் சேர்ந்து பறந்துகொண்டிருந்தன. மகன் பூவராகவன் பெல்பாட்டத்தை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாணம் இல்லாத இடமாகத் தேடி ஒற்றைக் காலில் நின்றான்.

“நிறைய கத்துக்கினேன் நைனா. என்.சி.சி.யில லெஃப்ட் ரைட்...”

“மாட்டுக்கு நாலு காலு. லெஃப்ட் ரைட் பத்தாது.”

“நீச்சல்...”

“எங்கே, கூவத்துலயா?”

“டிராமா! என் ரூம்மேட் மோசஸ் ராஜா, நான் ராணி. கப் ஜெயிச்சோம்.”

“பொடவை கட்டறதுக்கா ஃபீஸ் கட்டினேன்? உங்க அம்மா ஓசியிலயே சொல்லிக் குடுத்திருப்பாளே.”

பக்கத்துத் தரகர் துலுக்காணம் சிரித்த சிரிப்பில், அவர் விற்க வைத்திருந்த கன்றுக்குட்டி மிரண்டு கயிற்றை இழுத்தது.

பூவராகவன் விடவில்லை. “பெரிய மனுஷங்களைப் பார்த்தா எப்படி நடந்துக்கறதுன்னு தனியா கிளாஸ் வெச்சாங்க நைனா. நேரா கண்ணைப் பார்க்கணும். கையைக் கெட்டியாப் பிடிக்கணும். மூணு தடவை குலுக்கணும். மோசஸ்தான் அதுல ஃபர்ஸ்ட்.”

“குலுக்கினா இன்னா விழும்? புளியம்பழமா?”

“நைனா...”

“இதப் பார்டா. போன வாரம் சொன்னதுதான் இன்னிக்கும். இருட்டறதுக்குள்ள நம்ம ஜமீன்தாரை நீ வித்துட்டா, மூணாவது வருசம் காலேஜுக்குப் போ. இல்லேன்னா நாளையிலேருந்து சட்டையைக் கழட்டி மாட்டிட்டு என்கூட வா. படிச்சதெல்லாம் போதும்.”

ஜமீன்தார் என்பது காளையின் பெயர். தூரத்தில் நுகத்தடியைப் பார்த்தாலே படுத்துவிடும். வண்டியில் பூட்டினால் வண்டியோடு படுத்துவிடும். ஆறு சந்தை பார்த்துவிட்டது. இன்னும் யாரும் அதன் கயிற்றைத் தொடவில்லை. இப்போதும் படுத்தபடியே அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மணி நாலுக்கு மேல் ஒரு வெளியூர் வியாபாரி வந்தார். தலையை விடப் பெரிய தலைப்பாகை. முகத்தை விடப் பெரிய மீசை. நேராக ஜமீன்தார் முன்னால் வந்து நின்றார்.

“ஈ எத்து எந்த? மேமு நாயுடுபேட்ட,” என்று தெலுங்கில் ஊரைச் சொல்லி விலை கேட்டார்.

பூவராகவன் பாய்ந்து முன்னால் வந்தான். “வாங்க ஐயா! சோம்பேறின்னு நெனைச்சுடாதீங்க. சக்தியை வீணாக்காம சேர்த்து வெச்சிக்கிற மாடு இது!”

“பாக உந்தி, பாக உந்தி!” என்று மெச்சினார் வியாபாரி. மாட்டைச் சுற்றி வந்தார். கொம்பைப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். மாடு வாங்குகிறவர்கள் வயசு தெரிய முதலில் பார்க்கிற பல்லை மட்டும் பார்க்கவில்லை.

துலுக்காணம் ரங்கசாமியின் காதைக் கடித்தார். “இன்னாபா இது, எழுந்து நிக்கச் சொல்லாமயே மாடு வாங்கறாரு?”

“ஒனக்கு இன்னா பேஜாரு? சும்மா கெட,” என்று எழுந்த ரங்கசாமி, தோள் துண்டை உதறினார். “வெலையை எங்கிட்டதான் பேசணும். கையைக் குடுங்க.”

சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையையும் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடிப்பார்கள். ஒரு விரல் பிடித்தால் நூறு ரூபாய். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது.

துண்டு மூடியது. வியாபாரி ரங்கசாமியின் கண்ணை நேராகப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ முணுமுணுத்தார். துண்டு எகிறிக் குதித்தது. மறுபடி குதித்தது. இன்னொரு தடவையும் குதித்தது.

ரங்கசாமியின் புருவம் மேலே போய்க் கீழே இறங்கியது. வியாபாரியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். துண்டை உருவி எடுத்து, சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்தினார்:

“முடிஞ்சது! அஞ்சு விரலு! ஐந்நூறு ரூபா!”

வியாபாரியின் முகம் வெளுத்தது. துலுக்காணத்தின் வாயிலிருந்து வெற்றிலை விழுந்தது.

“நைனா, அவரு ஒரு விரல்தான் பிடிச்சிருப்பாரு!”

“துண்டுக்குள்ள நீயாடா குந்திக்கினு இருந்தே?”

வியாபாரி இடுப்பைத் தடவி நூறு ரூபாயை எடுத்து நீட்டினார்.

“அச்சாரமா வெச்சிக்கறேன். மீதி மெதுவா வரட்டும்,” என்று வாங்கிச் சொருகிய ரங்கசாமி, கயிற்றை வியாபாரி கையில் திணித்தார். அவர் இழுத்தார். ஜமீன்தார் அசையவில்லை. துலுக்காணம் பின்னாலிருந்து வாலை முறுக்கினார். ஒருவழியாக ஊர்வலம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் புறப்பட்டது.

பூவராகவன் நைனா பக்கம் திரும்பினான். “அப்போ... மூணாவது வருசம்?”

“போடா ராசா. சொன்ன சொல்லு சொல்லுதான். வித்துட்டே இல்ல?”

“இப்பவாச்சும் ஒத்துக்கறீங்களா நைனா, காலேஜுல கத்துக்கினது வீண் போகலைன்னு?”

“வீணா? கண்ணால பார்த்தேனே!” ரங்கசாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மகன் காதருகே குனிந்தார். “ஆனா துண்டுக்குள்ள கையைக் குலுக்கி ‘கிளாட் டு மீட் யூ’ சொல்ற நாயுடுபேட்டைக்காரனை இன்னிக்குத்தான் பார்க்கறேன். ஓடு, ஒட்டு மீசை விழறதுக்குள்ள உன் மோசஸைப் பிடி. ஜமீன்தாரை உங்க ஹாஸ்டல்லயே கட்டிக்கினு, ரெண்டு பேரும் இந்த வருசம் சாணி அள்ளவும் கத்துக்கினு வாங்க!”