சுருட்டைக்கு முடி வெட்டிய மத்தியானம்

போர் முடிந்து திரும்பிய அண்ணன் முடிதிருத்தும் கடை வைத்தார். முகாமில் தோழர்களுக்கு முடி வெட்டியதும் அவர்தான். மருத்துவர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். காலி நாற்காலியின் பின்னால் நின்று கத்தரிக்கோலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"யாருக்குண்ணா வெட்டுறீங்க?"

"நம்ம சுருட்டைக்குத்தான். ஆடாம உக்காருடான்னா கேக்குறானா பாரு! முகாமிலயும் இப்படித்தான். காதை அறுத்துடுவேன்னு மிரட்டினாத்தான் அடங்குவான்."

சுருட்டை கடைசிச் சண்டையில் இறந்துபோனதை அண்ணனே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். சண்டைக்குப் போவதற்கு முன்பு வீட்டில் சிரித்த அதே சிரிப்பு. அதைப் பார்த்து ஏழு வருஷமாகியிருந்தது.

"சரி, எந்திரிச்சுப் போடா" என்று நாற்காலியைத் தட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அன்று காலையிலிருந்து கடைக்கு ஒருவரும் வரவில்லை. இருந்தும், நான் பெருக்கக் குனிந்தபோது நாற்காலிக்கடியில் ஒரு கைப்பிடி முடி கிடந்தது. சுருள்சுருளான அதில் ஈரமண் ஒட்டியிருந்தது. அதைக் குப்பையில் கொட்ட எனக்கு மனசு வரவில்லை.

"சுருட்டை மறுபடி எப்பண்ணா வருவார்?"

"முடி வளரணுமில்ல" என்றார் அண்ணன்.