முதல் வரி

பாலகுருவின் சட்டைப்பையிலிருந்து விமான டிக்கெட் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் யேசுராஜுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இரண்டு வருஷமாகக் காத்திருந்த நாள்.

சவூதியின் அல் கோபார் ஆபீசில் காலையிலிருந்தே அந்த லினக்ஸ் சர்வர் முரண்டு பிடித்தது. இருநூற்றெண்பது சாஃப்ட்வேர் பேக்கேஜ் ஏற வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் அசையாமல் நின்று, பிறகு நொடியில் இறங்கியது.

"லைன்தான் ஸ்லோ" என்று மேனேஜர் பாலகுரு மறுபடியும் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டார்.

கோளாறு லைனில் இல்லை என்பது யேசுராஜுக்குத் தெரியும். இன்டர்நெட்டில் ஒரு பெயரைக் கொடுத்தால் அதன் விலாசம் சொல்லும் மெஷின்களின் பட்டியலைத் திறந்து பார்த்திருந்தான். முதல் வரியில் இருந்தது போன மாதமே கழற்றிப் போட்ட பழைய மெஷின். ஒவ்வொரு பேக்கேஜும் முதலில் அதைக் கேட்டு, பதில் வராமல் காத்துக் கிடந்து, அப்புறம்தான் அடுத்ததிடம் போகிறது. அந்த ஒரு வரியை அழித்தால் மொத்தமும் பத்து நிமிஷ வேலை.

அழிக்காமல் மூடிவிட்டான்.

இரண்டு வருஷம் முன்பு, ஊரில், மணப்பாட்டில் அப்பா இறந்த அன்று, "சர்வர் வேலை முடியாம லீவு மாஃபி, கிடையாது" என்றவர் இதே பாலகுருதான். அப்பாவின் அடக்கத்தை யேசுராஜ் போட்டோவில்தான் பார்த்தான்.

"மூணு மணிக்கு ஃப்ளைட். இது ஏறினாத்தான் நாட்டை விட்டுப் போற எக்ஸிட் பேப்பர்ல நம்ம முதலாளி கஃபீல் கையெழுத்துப் போடுவாராம்" என்று வேர்வையைத் துடைத்தார் பாலகுரு.

"பாவம் சார்" என்றான் யேசுராஜ், முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

"நீ ஏன் நிக்கிற? நான் பாத்துக்கறேன். ரூமுக்குப் போய்க் குளிச்சு, சாப்பிட்டு வா."

சாப்பிட்டாயா என்று ஒருநாளும் கேட்காத மனுஷன்! யேசுராஜ் போகவில்லை. வேடிக்கை பார்க்க உட்கார்ந்தான்.

கடைசி பேக்கேஜ் ஏறியபோது மணி இரண்டே கால். பாலகுரு நாற்காலியில் சரிந்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அடுத்த ஃப்ளைட் வியாழக்கிழமைதான்..."

இதைக் கேட்கத்தானே காத்திருந்தான். "பரவாயில்ல சார். பெத்த அப்பன் அடக்கத்துக்கே போகாம நான் இருக்கலையா? உங்களுது வெறும் லீவுதானே?"

பாலகுரு கையை எடுத்தார். கண்கள் சிவந்திருந்தன.

"உன்கிட்ட சொல்லப் பயந்து, நேத்து உன் தங்கச்சி ஜெபராணி எனக்குப் போன் பண்ணுச்சு. அம்மா ஐசியூல இருக்காங்க யேசு. இந்த டிக்கெட்ல போக வேண்டியவன் நீ."