மரக்கீரைத் திருடி

"யாரது? மறுபடியும் என் செடியில கை வைக்கிறது?"

கீழ்வீட்டுக் கண்டக்டர் ஐயா போட்ட சத்தத்தில், மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். குடிவந்து இன்னும் அட்டைப்பெட்டிகளைக்கூடப் பிரித்து முடிக்கவில்லை.

கீழே வாசல் ஓரம் ஆள் உயரத்துக்கு மரக்கீரைச் செடி. அதன் கொப்பைப் படபடவென்று ஒடித்துக்கொண்டிருந்தாள் பக்கத்து வீட்டு டெய்லரம்மா.

"நான்தாண்ணே. இவ்வளவு சத்தான கீரை, சும்மா முத்திப்போகுதே!"

"கேட்டுப் பறிக்கணும்னு ஒரு மரியாதை வேண்டாம்? கத்தரிக்கோல் பிடிக்கிற கைதானே, இப்படியா பிய்க்கிறது? செடி தாங்குமா?"

"தாங்கலேன்னா தண்ணி ஊத்துங்க."

"வேற வேலை இல்ல எனக்கு!" வாளியைத் தூக்கியவர் மறுபடி கத்தினார். "நில்லும்மா! நல்லா வேக வச்சுச் சாப்பிடு. பச்சையாத் தின்னா வயித்துக்கு ஆகாது. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே!"

மாடிவீட்டுக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தடுத்த நாளும் இதே கூத்து. தனியாக இருக்கிற மனுஷனிடம் இப்படியா அடாவடி பண்ணுவது?

"ஐயா, ஓனர்கிட்டச் சொல்லி செடியைச் சுத்தி வேலி போடச் சொல்லட்டுமா?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"வேலியா? அதெல்லாம் வேண்டாம். ஒடிக்க ஒடிக்கத்தான் அது துளிர்க்கும்."

பயந்த சுபாவம் போல, என்று நினைத்துக்கொண்டு நேரே தையல் கடைக்கே போனாள்.

அங்கே மேஜை மேல், வெட்டுத் துணி நாடாவால் கட்டி வைத்த கீரைக்கட்டுகள். அடிப்பாவி! வியாபாரம் வேறயா?

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. வயசானவரை தினமும் தொண்டை கிழியக் கத்த வைக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?"

மெஷின் நின்றது.

"மாடி வரைக்கும் கேட்டுச்சா?"

"தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு!"

டெய்லரம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அந்தச் செடி அவர் சம்சாரம் நட்டது. அவங்க போன பிறகு மனுஷன் கதவே திறக்கல. சாப்பாடு கொண்டு போனா, உள்ளேயிருந்தே வேண்டாம்னுடுவார். செடியும் வாடிப்போச்சு. ஒருநாள் மனசு கேக்காம, அவர் ஜன்னலுக்கு நேரா நின்னு ஒரு கொப்பைப் படார்னு ஒடிச்சேன். கதவு திறந்துச்சு. என்னா திட்டு! அவ்வளவு நாள் கழிச்சு அன்னைக்குத்தான் அவர் குரலையே கேட்டேன். திட்டி முடிச்சுட்டு, செடிக்கு ஒரு வாளி தண்ணியும் ஊத்தினார்."

மாடிவீட்டுக்காரி மேஜை மேலிருந்த கீரைக்கட்டுகளைப் பார்த்தாள்.

"இருந்தாலும் அக்கா... தினமும் கீரை சாப்பிட்டு உங்களுக்கு அலுக்கலையா?"

டெய்லரம்மா ஒரு கட்டை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"துணி வாங்க வர்றவங்களுக்கெல்லாம் சும்மா குடுத்தனுப்பறேன். நீயும் கொண்டு போ. அவர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே. எங்க வீட்டுல ஒருத்தரும் கீரையை வாயில வைக்க மாட்டோம்!"