வாசனை ஒட்டும் வரை

வெள்ளை எலி ஒரு குட்டியைக் கவ்வித் தூக்கியது.

வளர்ப்பதற்கா, தின்பதற்கா என்று தெரியாத அந்த நொடியில் அறையில் நின்ற இருவரும் மூச்சு விடவில்லை. எலிக்கு மட்டும் ஓர் அவசரமும் இல்லை.

புதுப்பெண் கூண்டை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. முப்பத்தைந்து வயதில் கல்யாணம் செய்துகொண்டு, போன மாதம் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியவளுக்குக் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அது. பெயரில்தான் புதுப்பெண். பவுடர் கிடையாது, சென்ட் கிடையாது. எலிகள் இருக்கும் அறைக்கு வாசனை சோப்பு போட்டுக் குளித்துவிட்டுக்கூட வரக்கூடாது.

குட்டிகள் வெள்ளை எலி பெற்றவை அல்ல. மனிதர்களின் தசையை உருக்கும் ஒரு நோயின் மரபணுவை எலியின் கருவுக்குள் ஊசியால் செலுத்தி, திரும்பத் திரும்பத் தோற்று, கடைசியில் அவள் உண்டாக்கிய ஒரே ஒரு எலியின் குட்டிகள். அந்த நோய்க்கு மருந்து கேட்குமா என்று பார்க்க இவை வளர்ந்தாக வேண்டும்.

பெற்ற மகராசியோ முதல் ஈற்றில் ஒன்று விடாமல் தின்று தீர்த்துவிட்டாள். அவளுக்கும் வயதாகிவிட்டது. இதுதான் கடைசி ஈற்று. இதுவும் போனால் இத்தனை வருட உழைப்பும் போச்சு.

அதனால்தான் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, தானும் அப்போதுதான் குட்டி போட்டிருந்த வெள்ளை எலி படுத்து எழுந்த மரத்தூளில் ஒவ்வொன்றாக மெல்லப் புரட்டி எடுத்தாள். சொந்தபந்தம் எல்லாம் எலிக்கு மூக்கில்தான். தன் வாசனை அடித்தால் தன் பிள்ளை. தெரியாத வாசனை அடித்தால் பிள்ளை இரையாகிவிடும்.

"தின்னுடப் போகுதுடி. எடுத்துடு," என்றாள் பக்கத்தில் நின்ற அக்கா. சீனியர் என்பதால் எல்லோருக்குமே அவள் அக்கா.

"நாம கை வச்சா காரியமே கெட்டுடும்க்கா. அதுவா ஏத்துக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் விரல்களும் கூண்டுக் கதவின் மேல்தான் இருந்தன. அவற்றை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

எலி நின்றது. குட்டியைக் கீழே வைத்தது. தலையிலிருந்து வால் வரை முகர்ந்தது. பிறகு மறுபடி கவ்விக்கொண்டு போய்த் தன் குட்டிகளுக்கு நடுவில் போட்டுவிட்டு, அடுத்ததை எடுக்கத் திரும்பி வந்தது.

அக்கா நெஞ்சில் கை வைத்தபடி நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். புதுப்பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, முகக்கவசம் இருந்தது.

சாயங்காலம் வாசனையில்லாத சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள். உடை மாற்றும் அறையில் தன் அலமாரியைத் திறந்து, வாயை இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

உள்ளே ஒரு நீல ஸ்வெட்டர். அவளுக்குத் தோளில் பெரிது. ஒரு பொத்தான் இல்லை. கழுத்தில் அழுக்கு ஏறியிருந்தது. புதுப்பெண் போட்டுக்கொள்கிற துணியா இது, துவைத்தால் என்ன குறைந்துவிடும் என்று அக்கா கேட்டாள்.

அவள் சிரித்தபடி ஸ்வெட்டருக்குள் கைகளை நுழைத்தாள்.

காலையில் பீரோவின் அடியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தது கணவன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த ஸ்வெட்டர். போட்டுக்கொண்டு போன முதல் மனைவி திரும்பவில்லை.

புதுப்பெண் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டாள். வீட்டில் அந்த முதல் மனைவி விட்டுப்போன குழந்தை வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கூப்பிடக்கூடாது. கையை நீட்டக்கூடாது. அப்படியே தரையில் உட்கார்ந்து, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும்.

இன்னும் சித்தி என்றுகூடக் கூப்பிடாதவள், தானாக வந்து முகர்ந்து பார்க்கும் வரை.